பொத்தான்காரர்

இடது கையில் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய டம்ளர், வலது கையில் கைப்பேசி. காலை பத்து மணிக்கு அறையின் நடுவில் இப்படி நின்றுகொண்டு, தான் செய்த இணையதளத்தையே முன்பின் தெரியாதவர்போலத் திறந்து பார்க்கிறார் பொத்தான்காரர். ஒற்றைக் கட்டைவிரலால் பொருளைத் தேடி, கடைக்காரரை அழைக்கும் பொத்தான்வரை போய்ச் சேர வேண்டும். ஒரு சொட்டு சிந்தினாலும் அந்த இணையப் பக்கத்தில் கோளாறு என்று அர்த்தம். அந்தப் பொத்தானை மட்டும் அழுத்தமாட்டார். கடைக்காரரை வீணாக எதற்குத் தொந்தரவு செய்வது?

"வர்றவங்க என்ன, சும்மா உக்காந்துக்கிட்டா வர்றாங்க? ஒரு கையில ஏதாவது வேலை இருக்கும்," என்பார்.

பேச்சு சரிதான். இப்போது அவர் செய்து கொடுத்திருப்பது நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை எல்லாம் வாடகைக்கு விடும் கடைக்கு. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கிறவருக்கு ஒரு கை மிச்சமிருந்தாலே பெரிது.

வயது ஐம்பத்திரண்டு. நாற்காலியில் தேய்ந்து முதுகுப்பக்கம் வெளுத்த சட்டை. ஒரே சண்டையை இருபது வருடமாகப் போட்டுச் சலித்த முகம். எல்லாக் கடைக்காரர்களுக்கும் முகப்பில் தங்கள் படம் வேண்டும், ஓடும் எழுத்து வேண்டும், கடை தொடங்கிய கதை வேண்டும். இவருக்கு ஒரு பொத்தான் போதும்.

"கடைக்கு வந்தவங்ககிட்ட உங்க பூர்வீகத்தையா சொல்லுவீங்க? என்ன வேணும்னு கேளுங்க, போதும்."

அந்தப் பொத்தானின் நிறம், அளவு, இடம் என்று நாள் முழுக்க மாரடிப்பதைப் பார்த்து, பொத்தான்காரர் என்று பெயர் வைத்தவர் மனைவி. "சட்டையில ரெண்டு பொத்தான் அறுந்து போச்சு. அது மட்டும் ஐயா கண்ணுல படாது," என்பார் துணி மடித்தபடியே.

போன வியாழக்கிழமை கட்டில்கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். எழுபதை நெருங்குகிறவர். அந்தக் கடை ஒன்றுதான் பிழைப்பு. புதுப் பக்கம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

"படத்தை எடுத்தே, சரின்னேன் தம்பி. கதையை எடுத்தே, அதுக்கும் சரின்னேன். முன்னாடியாவது வாரத்துக்கு நாலு போன் வரும். இப்ப அதுவும் இல்ல. மாசக் கடைசிக்குள்ள ஒரு கட்டிலாவது வெளிய போகலேன்னா, நான் கடையைச் சாத்தவேண்டியதுதான்."

பொத்தான்காரர் கணினியை அவர் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்கண்ணே. நாப்பத்தோரு தடவை பொத்தானை அமுக்கியிருக்காங்க. நீங்க எடுக்கலேன்னா நான் என்ன பண்ணட்டும்?"

"குளிக்கப் போனாக்கூட போனை ஜன்னல்ல வச்சுட்டுப் போறவன் நான். என்னைத் தூங்குமூஞ்சிங்கறியா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"ஐயோ, ரெண்டு பேரும் என் தலையை உருட்டாதீங்க," என்றார் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி. "அண்ணே, உங்க போன்லேருந்தே ஒருதடவை அமுக்கித்தான் பாருங்களேன்."

அமுக்கினார். மேசைமேல் கிடந்த பொத்தான்காரரின் கைப்பேசி சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. 'கட்டில்கடை அண்ணன்' என்று அதில் எழுத்து வந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

பக்கத்தைக் கட்டும்போது பொத்தானுக்குத் தற்காலிகமாகத் தன் எண்ணைக் கொடுத்திருக்கிறார், மாற்ற மறந்துவிட்டார். கடன் வேண்டுமா என்று கேட்பவர்களின் தொல்லை தாங்காமல் மணியை நிறுத்தி வைத்திருப்பவர், தெரியாத எண் எதையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"அத்தனை பேரும் உனக்கா பண்ணியிருக்காங்க?" என்றார் கடைக்காரர். கத்தியிருக்கலாம், கத்தவில்லை.

பொத்தான்காரர் முதலில் எண்ணை மாற்றினார். அது இரண்டு நிமிட வேலை. பிறகு தவறிய அழைப்புகளைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போய், எல்லாவற்றுக்கும் முதலில் வந்திருந்த அழைப்பைப் பிடித்தார். ஒரே நாளில் ஆறு முறை வந்திருந்த எண். ஒரு பெண் எடுத்தார்.

"அம்மா, கட்டில் கேட்டுக் கூப்பிட்டிருந்தீங்க. எங்க தப்பு, எடுக்க முடியாமப் போச்சு..."

"அப்பாவுக்குக் கேட்டேங்க. கடைசிவரைக்கும் தரையிலயே போட்டுப் பார்த்துக்கிட்டோம். இப்ப வேண்டாங்க."

மனைவி மடிப்பதை நிறுத்தினார். கடைக்காரர், "அடுத்ததைப் போடு தம்பி," என்றார்.

பொத்தான்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். நின்றபடியே அடுத்த எண்ணை அழுத்தினார்.