ராஜமாணிக்கத்தின் கீழாநெல்லி

கடலூரில் ஒரே வீட்டில் அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே மாதத்தில் மஞ்சள் காமாலை கண்டது. மூத்தவள் அமிர்தம் ஏழு மாதக் கர்ப்பிணி. அவர்களுடைய தாயார் ஒரே பிடி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து இருவருக்கும் கொடுத்தாள். தங்கை புஷ்பவள்ளி எழுந்து நடமாடினாள். அமிர்தம் வயிற்றுப் பிள்ளையோடு கண்ணை மூடிவிட்டாள்.

அமிர்தத்தின் கணவன் ராஜமாணிக்கம் சிதம்பரத்தில் கல்லூரி ஒன்றில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தான். ஒரே மருந்து ஒருத்தியைக் காப்பாற்றி மற்றவளை எப்படிக் கைவிட்டது? அந்தக் கேள்வி அவனை விடவில்லை. கல்லூரி முடிந்தபின் ஆய்வுக்கூடத்திலேயே தங்கி, காய்ந்த செடியைச் சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தான். யுத்த காலம், சாராயம் கிடைப்பதே அரிது. இரண்டு வருஷத்தில் குப்பியின் அடியில் கொஞ்சம் கசப்புப் பொடி சேர்ந்தது. ஓட்டல் சாப்பாடு, வாடகை அறை. கடலூருக்கு அவன் போவதே இல்லை. புஷ்பவள்ளிக்கு அக்காளின் முகஜாடை.

ஒரு நாள் மத்தியானம் அவளே ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. மருந்து எடுத்து வெச்சிருக்கீங்களாமே, கொஞ்சம் குடுங்க."

"அது மருந்தான்னே எனக்குத் தெரியாது, புஷ்பா. வெஷமாக்கூட இருக்கலாம்."

"நான் கீழாநெல்லி குடிச்சுத்தானே பொழைச்சேன்?"

"ஒங்க அக்காவும் அதைத்தானே குடிச்சா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொடியைக் கொடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவளை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அவளோடு கடலூருக்கு ரயில் ஏறினான்.

அவள் கணவன் தங்கராசு சுருண்டு கிடந்தான். கீழாநெல்லிச் சாறு உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. கஞ்சித் தண்ணி மட்டுமே தங்கியது. ராஜமாணிக்கம் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்து அதைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினான். சில வாரங்களில் தங்கராசின் கண்ணில் மஞ்சள் இறங்கியது. கருவாட்டுக் குழம்பு வேண்டுமென்று சண்டை பிடித்தான்.

"ஒரு மருந்தும் தங்காமலே எறங்கிடிச்சே மாமா," என்றாள் புஷ்பவள்ளி. "அப்ப எனக்கும் தானா எறங்கியிருக்குமோ?"

"இருக்கலாம். பல பேருக்குத் தானாவே எறங்கிடுமாம். வயித்துல பிள்ளையோட வந்தாத்தான் ரொம்ப மோசம்னு இங்க வந்து பாத்த டாக்டர் சொன்னாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா எனக்குத்தான் மாமா மொதல்ல ஊத்தினாங்க. கெட்டியா இருந்ததெல்லாம் நான் குடிச்சிட்டேன், தண்ணிதான் அக்காவுக்குப் போச்சுன்னு இத்தினி நாளா நெனைச்சிகிட்டு இருந்தேன். யார்கிட்ட சொல்றது?"

இந்த இரண்டு வருஷமாக அந்தச் சாவைச் சுமப்பவன் தான் ஒருவன்தான் என்று ராஜமாணிக்கம் எண்ணியிருந்தான்.

"நீ அவ பங்க எடுத்துக்கல, புஷ்பா," என்றான்.

அன்று அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். "இன்னும் ரெண்டு நாள் இருங்க" என்று தங்கராசு கையைப் பிடித்தும் நிற்காமல் சிதம்பரம் திரும்பினான். கீழாநெல்லியை வடிக்கும் வேலையை அவன் விடவில்லை; ஆனால் அமிர்தத்தின் சாவுக்கான பதிலை அதில் தேடுவதை விட்டுவிட்டான். அதன்பின் வாடகை அறை முன்னைவிடப் பெரிதாக, வெறிச்சென்று தெரிந்தது.