டாக்டர் துரையிடம் அவள் சொன்னது

பஸ்ராவிலிருந்து திரும்பியபோது என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதுவே பெரிய தொல்லையாகிவிட்டது. யுத்த ரயிலில் வேலை செய்ய எங்கள் ரயில்வே குடியிருப்பான பிரிக்பீல்ட்ஸிலிருந்து போனவர்களில் கால் போனவனுக்கும் கண் போனவனுக்கும் பென்சன் கொடுத்தார்கள். எனக்குப் போனது எது என்று எப்படிக் காட்டுவது? எஞ்சின் ஊதினால் கை நடுங்கும். கரி அள்ளும் மண்வெட்டி நழுவும். ஃபயர்மேன் வேலைக்கு லாயக்கில்லை என்று நிறுத்திவிட்டார்கள். குவாட்டர்ஸும் போய்விடும் என்ற பயத்தில்தான் பென்சனுக்கு மனுப் போட்டேன்.

போட்டதும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. புத்தி நன்றாக இருக்கிறது என்றால் பென்சன் இல்லை. புத்தி சரியில்லை என்றால் ஈப்போ பக்கமுள்ள பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே போனவர் யாரும் எங்கள் குவாட்டர்ஸ் வரிசைக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளைக்கார டாக்டர் துரைக்கு முன்னால் என்னை நிறுத்தினார்கள். மொழிபெயர்க்க, ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் தமிழ் டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று கேட்டார்கள். வருகிறது, பசிக்கிறது என்றேன். துரை அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். வாசலில் நின்றிருந்த என் மனைவி யாரும் அழைக்காமலே உள்ளே வந்தாள்.

"இவங்க தூங்குறாங்கய்யா. நாங்கதான் தூங்குறதில்ல," என்றாள் டிரஸ்ஸரிடம். "தூக்கத்துலயே எந்திரிச்சி புள்ள வாயப் பொத்துறாங்க. சத்தம் போடாத, வந்துட்டானுங்கன்னு சொல்லி அமுக்குறாங்க. நான்தான் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சி எடுப்பேன். விடிஞ்சா இவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

மகள் பக்கத்து வீட்டில் போய்ப் படுப்பது அங்குள்ள பிள்ளைகள் மேல் உள்ள ஆசையினால் என்றே நான் நினைத்திருந்தேன்.

"யாரு வர்றாங்க?" என்று டிரஸ்ஸர் என்னைக் கேட்டார். துரை கேட்கச் சொல்லவில்லை, அவராகவே கேட்டார்.

யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். பாலைவனத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எதிரிகள் எங்கள் ரயிலை மடக்கினார்கள். நானும் கூட வேலை செய்தவனும் வண்டிக்கு அடியில் கிடந்தோம். துப்பாக்கிக்காரர்களின் கால்கள் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தன. அவன் அழ ஆரம்பித்தான். வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினேன். அவர்கள் போன பிறகுதான் கையை எடுத்தேன். பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்கப்புறம் என் பக்கத்தில் அவன் உட்காரவே இல்லை.

டிரஸ்ஸர் துரையிடம் நிறையப் பேசினார். ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் பாதிப் பென்சன் என்று முடிவானது. வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கிள்ளானில் மைத்துனர் வீட்டையொட்டி இரண்டு அறைகளில் குடியேறினோம்.

அங்கே, இரவில் என்னைத் தனி அறையில் வைத்து வெளியே பூட்டிவிடும்படி மனைவியிடம் சொன்னேன். மாட்டுக்கொட்டகையா இது என்று கோபித்துக்கொண்டாள். சில வாரங்கள் கழித்து அவளாகவே பாசாருக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தாள். மனம் ஏன் மாறியது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.