சுண்டுவிரல் தடுக்கும் இடம்

சாவிக்காரருக்கு ஐம்பத்தாறாவது வயதில் கிடார் கற்றுக்கொள்ள வேண்டிய தலையெழுத்து வந்து சேர்ந்தது. ஆசைப்பட்டுப் போகவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும். சுவர் முழுக்க இன்னும் பல் வெட்டாத சாவிகள், சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, விதவிதமான அரங்கள், ஒரு முக்காலி. இருபத்தெட்டு வருஷமாக அந்த முக்காலிதான் கதி. மனிதருக்கு ஒரு கிறுக்கு உண்டு. மற்ற கடைகளில் சாவியைக் கொடுத்தால் இயந்திரத்தில் மாட்டி, இருக்கிறதை இருக்கிறபடி நகலெடுத்துக் கையில் திணித்துவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். பழைய சாவி தேய்ந்திருக்கும். தேய்ந்ததைப் பார்த்து வெட்டினால் புதுச் சாவி பிறக்கும்போதே கிழடாகப் பிறக்கும் என்பார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, தேய்வதற்கு முன்னால் அந்தப் பல் எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று யோசித்து, அந்த உயரத்துக்கு வெட்டுவார். வந்தவர்கள் பேருந்தைத் தவறவிட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"அண்ணே, பூட்டு திறந்தாப் போதும்ணே."

"இன்னைக்குத் திறக்கும். அடுத்த மாசம் வாசல்ல நின்னுக்கிட்டு என்னைத் திட்டுவீங்க."

அவருடைய ஒரே மகள் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். முதல் நாள் மாத்திரை, இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி, நான்காம் நாள் ஆளில்லை. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அவள் விட்டுப்போனவற்றில் ஒரு கிடாரும் இருந்தது. கல்லூரித் தோழி ஒருத்தி வீடு மாறும்போது தந்துவிட்டுப் போனது. அதில் மகள் வாசித்தது ஒன்றே ஒன்றுதான். அவள் பிறப்பதற்கு ரொம்பக் காலம் முன்னால் வந்த ஒரு வெளிநாட்டுப் பாட்டு, நாட்டுப்புற மெட்டில் ராக் தாளத்தைக் கலந்தது. பாடுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கிடார் மட்டும் தனியே இருபது நொடி ஓடும். அந்த இருபது நொடியைத்தான் ஒன்றரை வருஷம், தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு வாசித்தாள். பாட்டுக்குள் அவள் போனதே இல்லை.

"எப்பப் பார்த்தாலும் வாசல்லயே நிக்கிறியேம்மா, உள்ளே போகவே மாட்டியா?" என்று அப்பா கிண்டல் செய்வார்.

"வாசல்ல காத்து நல்லா வருதுப்பா."

சிரிப்பார். சிரித்துவிட்டு, "சரி, கதவைச் சாத்திக்கோ" என்பார். நாளெல்லாம் இயந்திரம் கிறீச்சிட்டதைக் கேட்ட காது அவருடையது. அவளும் சாத்திக்கொள்வாள்.

அவர் மனைவி வீட்டிலிருந்தே துணிகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பவர். தையல் மெஷின் மகளின் அறைச் சுவரை ஒட்டிக் கிடந்தது. ஆறு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் சும்மா உட்கார்ந்திருப்பார். எதற்கு என்று கணவர் கேட்டதில்லை.

மகள் போன பிறகு மெஷின்மேல் ஒரு போர்வை விழுந்தது. மனைவி காலையில் எழுந்து மகளின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரை மனைவி தானாகவே கூப்பிட்டார்.

"என்னங்க, அவ வாசிக்கிறது எனக்கு மறந்துக்கிட்டே வருது. போன வாரம் வரைக்கும் கண்ணை மூடினா முழுசாக் கேட்டுச்சு. இப்போ பாதியிலயே நின்னுடுது."

சாவிக்காரர் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கே" என்றார். பச்சைப் பொய். கதவைச் சாத்தச் சொன்ன மனிதருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

"அப்போ எனக்கு அதை வாசிச்சுக் காட்டுங்க. ஒரே ஒரு தடவை. அவ வாசிச்ச மாதிரி. அது போதும் எனக்கு."

ஐந்து மாதத்தில் மனைவி வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். முடியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. செய்து கொடுக்காவிட்டால் இவளும் கைவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்தார்.

மகளின் கைப்பேசியைத் துழாவினார். தோழிகளின் சிரிப்பு இருந்தது, மழை இருந்தது, யார் வீட்டுப் பூனையோ இருபது விதமாய் இருந்தது. கிடார் இல்லை. சரியாக வந்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்திருப்பாள். கிடார் உறையின் பையில்தான் ஒரு தாள் கிடைத்தது. ஆறு கோடுகள், கோடுகளின்மேல் எண்கள். சாவிக்கும் இப்படித்தான், ஒவ்வொரு பல்லின் ஆழத்துக்கும் ஓர் எண் உண்டு. அதனால் தாளைக் கண்டு அவர் மிரளவில்லை. இரண்டாம் வரியில் ஓர் எண்ணைச் சுற்றிப் பென்சிலால் பலமுறை வட்டம் போட்டு, பக்கத்தில் "சுண்டுவிரல்!!" என்று மகள் எழுதியிருந்தாள். அந்த எழுத்தின்மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜெராக்ஸ் கடை மாடியில் கிடார் சொல்லித் தருகிற ஓர் இளைஞன் இருந்தான். முடியை உச்சியில் முடிந்திருப்பான் என்பதால் ஊருக்கே அவன் கொண்டை வாத்தியார். தாளைப் பார்த்ததும் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டான். கைப்பேசியில் அசல் பாட்டைப் போட்டும் காட்டினான். சாவிக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார். சாத்திய கதவுக்குப் பின்னால் ஓடியது இதுதான் என்று கேட்டதும் பிடிபட்டது.

"இதேதான், தம்பி. இதை மட்டும் சொல்லிக்கொடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"சார், முதல்ல அடிப்படை..."

"வீடு கட்டப் போறதில்ல தம்பி. எனக்கு வாசப்படி மட்டும் போதும்."

கோடு ஒவ்வொன்றும் ஒரு தந்தி, எண் என்பது கிடாரின் கழுத்தில் எத்தனையாவது கட்டத்தில் விரல் வைப்பது என்பதற்கு. அரைமணியில் புரிந்துவிட்டது. அரம் பிடித்துக் காய்த்துப்போன விரல்நுனிகளுக்குத் தந்தி வலிக்கவும் இல்லை, வாத்தியாருக்கே ஆச்சரியம். தகராறு செய்தது சுண்டுவிரல். டீ டம்ளரைப் பிடிக்கும்போதுகூட வேலைக்கு வராமல் தனியே தூக்கிக்கொண்டு நிற்கிற விரல் அது. மற்ற மூன்று விரல்களும் அதனதன் இடத்தில் ஊன்றியிருக்க, இது மட்டும் எட்டி இரண்டாம் தந்தியின்மேல் பட்டென்று விழுந்து எழ வேண்டும். மகள் வட்டம் போட்ட இடம் அதுதான்.

வீட்டில் வாசிக்கவில்லை. முழுதாக வந்தபிறகே மனைவி காதில் விழ வேண்டும் என்று வைராக்கியம். கடையில், ஒரு சாவிக்கும் இன்னொரு சாவிக்கும் நடுவே, முக்காலியில் உட்கார்ந்து பழகினார். சாவி வாங்க வந்தவர்கள் விடுவார்களா? "என்னண்ணே, பூட்டைப் பாட்டுப் பாடித் திறக்கிறதா உத்தேசமா?" என்பார்கள். வேறு நாளாயிருந்தால் மூக்குமேல் கோபம் வரும். இப்போது தலை நிமிர்வதில்லை.

மூன்றாம் மாதம் முழு இருபது நொடியும் வந்துவிட்டது, அந்த ஓர் இடம் தவிர. அங்கே வந்ததும் விரல் தடுக்கும், ஓசை செத்துப்போகும், நின்றுவிடுவார்.

"போதும் சார். வீட்ல வாசிங்க. அந்த இடத்துல எல்லாருக்கும்தான் தடுக்கும், யாருக்கும் தெரியாது" என்றான் வாத்தியார்.

"எனக்குத் தெரியும்ல?" என்றார்.

பதினாறு முறை, நாற்பது முறை, ஒரு நாளைக்கு இருநூறு முறை. சுண்டுவிரலின் மூட்டு வீங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தார். பாவி மனிதர், மகள் செய்ய முடியாமல் விட்டதை முடித்துக்கொடுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டார்.

"இன்னும் எத்தனை நாளுங்க?" என்று மனைவி கேட்பார்.

"இன்னும் கொஞ்ச நாள்."

"எனக்கு இப்போ ஆரம்பம் மட்டும்தான் கேக்குது." அடுத்த வாரம், "ஆரம்பமும் தேய்ஞ்சு போச்சுங்க" என்றார். ரவிக்கைகள் அந்த அம்மாளுக்குத் தோளில் நிற்காமல் வழுக்கின. சாவிக்காரர் ஓடினார் என்றே சொல்ல வேண்டும், கடைக்கும் மாடிக்கும் கடைக்கும் மாடிக்குமாக. ஐந்தாம் மாதத்தில் விரல் பணிந்தது. தொடர்ந்து முப்பது முறை வாசித்தார், முப்பது முறையும் விழுந்தது. வாத்தியார் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினான். "அசல் ரெகார்டே தோத்துப்போச்சு சார்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மகளின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். தலையைக்கூட வாரியிருந்தார்.

முதல் தந்தி அதிர்ந்ததும் அந்த அம்மாளின் கை போர்வையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பத்து மாதமாகச் செத்துக்கிடந்த முகத்தில் உயிர் ஏறியதைச் சாவிக்காரர் கண்ணால் பார்த்தார். அந்த இடம் வந்தது. சுண்டுவிரல் மணியாக விழுந்து எழுந்தது. நிற்காமல் கடைசிவரை வாசித்து முடித்து, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்தார்.

மனைவியின் முகம் பழையபடி ஆகியிருந்தது.

"இது அவ இல்லைங்க."

"என்ன சொல்றே? ஒரு இடத்துலகூடப் பிசகலை. வாத்தியாரே சொன்னாரு."

"அதைத்தான் சொல்றேன். அவ அங்கே தடுக்குவா. ஒரு நாள்கூடத் தடுக்காம வாசிச்சதில்லை. தடுக்கிட்டுத் திரும்ப முதல்லேருந்து வருவா. இன்னைக்காவது தாண்டிடுவாளான்னுதான் நான் மெஷினை நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பேன்."

சாவிக்காரருக்குத் தலையில் இடி விழுந்தது. மூன்றாம் மாதம் வாத்தியார் போதும் என்றபோது நேரே வீட்டுக்கு வந்திருந்தால், அது மகளேதான். அவளுடையது என்று அந்த இருபது நொடியில் இருந்த ஒரே ஒன்றை அதற்குப் பின் ஒவ்வொரு நாளாக உட்கார்ந்து ராவி எடுத்திருக்கிறார்.

"தடுக்கினா எப்படி இருக்கும்? சொல்லு, நான் அப்படியே வாசிக்கிறேன்."

விரலை வைக்காமல் விட்டு வாசித்தார். "இல்லை." தாமதித்து வைத்தார். "இல்லை." பக்கத்துத் தந்தியில் வைத்தார். மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வேணாங்க, நிறுத்துங்க. இப்போ உங்களோடதுதான் எனக்குக் கேக்குது. இருந்த கொஞ்சமும் போச்சு."

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எல்லாம் முடிந்தது என்று பட்டது. வியர்வை புருவத்தில் வழிய, மறுபடி, மறுபடி. தப்பாக விழ வேண்டிய விரல் தானாகப் போய்ச் சரியாக விழுந்தது. அதை இழுத்துப் பிடிக்கப் போய், தந்தி கரகரத்துச் செத்தது.

"ச்சை!" என்று உள்ளங்கையால் கிடாரை அறைந்தார்.

மனைவி காதிலிருந்து கையை எடுத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே."

"அவ இப்படித்தான் சொல்லுவா. தடுக்கினதும். இதே மாதிரி, பல்லைக் கடிச்சுக்கிட்டு. சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும்." மனைவி கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து வந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அரம் வழுக்கினால் அவர் வாயில் வருகிற சொல் அது. மகள் எங்கே பொறுக்கினாள் என்று இப்போதுதான் உறைத்தது.

"ச்சை."

"இப்படி இல்லை. சும்மா சொல்றீங்க."

"ச்சை!"

"இல்லைங்க." மனைவி பத்து மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். "நெசமாத் தடுக்கினாத்தான் அது வரும்."

சாவிக்காரர் தன் சுண்டுவிரலைப் பார்த்தார். பிறகு கிடாரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தன் கைக்குச் சற்றும் தாங்காத வேகத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தார். மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை தாண்டிவிடக் கூடாதே என்று காத்திருந்தார்.