அப்பா பங்கு சிலிண்டர்

கேஸ் தீரப்போகிறது என்றால் இன்றைக்கும் சிலிண்டரை ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன். நானும் என் வீட்டுக்காரரும் அவரவர் சம்பளத்தைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறோம், யாராவது ஒருவரிடம் பணம் இருக்கும். தெரிந்தும் ஆட்டிப் பார்ப்பேன். சின்ன வயதில், சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிடித்த பயம் அது.

அப்பா வேலை செய்த மைனில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறுமுன் ஒவ்வொருவரும் தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையைத் தானே எடுக்க வேண்டும். அடுத்தவர் பில்லையைத் தொடக்கூடாது. தொட்டால் கீழே யார் இருக்கிறார், யார் இல்லை என்பது குழம்பிவிடும். அப்பா இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். அம்மா தினமும் ரயிலில் போய்வந்த பெங்களூர் கார்மெண்ட்ஸ் வேலையின் சம்பளம் அம்மாவுடையது. அரிசி பருப்பு, துணிமணி அவள் பொறுப்பு. கேஸும் என் பள்ளிக்கூடமும் அப்பா பங்கு. (பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டது வேறு கதை.) ஒருவர் பணத்தில் மற்றவர் கை வைத்ததே இல்லை.

மைன் மூடி, கணக்கு முடித்துக் கிடைத்த பணமும் கரைந்து, அப்பா வேலையில்லாமல் இருந்தபோது ஒருநாள் குழம்பு கொதிக்கையிலேயே கேஸ் தீர்ந்தது. அம்மா பின்பக்கம் கல் கூட்டி விறகு மூட்டினாள். மறுநாளும் அப்படியே. அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டு பேரும் பிரிந்துவிடுவார்கள், நான் யாரோடு போவது என்ற கவலை எனக்கு.

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து அத்தை வந்தாள். "இன்னாமே இது? கைல காசு வச்சிக்கினு கல்லடுப்பு ஊதிக்கினு இருக்கறே. என் தம்பிய அசிங்கப்படுத்தறியா?"

"காசு இருக்குது அண்ணி. அவர் பில்லைய நான் எடுத்தா, அவரு இல்லன்னு ஆயிடும்."

"மைனையே மூடிட்டானுங்க. இவங்களுக்கு இன்னும் பில்லையாம்."

உள்ளே இருந்த அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்த வாரமெல்லாம் பஜாரில் மூட்டை தூக்கினார். சனிக்கிழமை சாயங்காலம் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார்.

"வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டு அம்மா டீ போட்டாள். டம்ளரில் ஊற்றியாயிற்று. தீக்குச்சியில்கூட மிச்சம் பிடிக்கிறவள், அடுப்பை அணைக்கவில்லை.

"அம்மா, கேஸ் போவுது" என்றேன்.

அவள் திரும்பவில்லை. அப்பாவும் அணைக்கச் சொல்லவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அந்த நீலத் தீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வீணாகப் போகிற கேஸை நினைத்து நான்தான் பதறிக்கொண்டிருந்தேன்.