அழாதவள் போட்ட வாய்க்கரிசி

கள்ளிக்குப்பத்து வீட்டின் கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் சாவு மேளம் காதைக் கிழித்தது. வாய்க்கரிசி போட மகள்களைக் கூப்பிட்டார்கள். அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தேன். குத்தம்பாக்கத்திலிருந்து வந்திருந்த அக்கா என் கையைப் பளாரென்று தட்டிவிட்டாள்.

"இன்னாடி பொண்ணு நீ? அப்பன் செத்துக் கெடக்குறாரு, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. நீ போடாத!"

எனக்குக் கண் வறண்டுபோகிற நோய். புருவ எலும்புக்குக் கீழே, வெளி ஓரமாகக் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது; அழுகைக்குத் தண்ணீர் தருவது அதுதான். என்னுடையது சுருங்கிவிட்டது. கண்ணீர் காயாமல் காக்க இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளும் கெட்டுவிட்டன. மற்றவர்களுக்கு அவை சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்குமாம். டாக்டர் காட்டிய என் இமைப் படத்தில் பாதியைக் காணோம், மிச்சமும் குட்டை. காலையிலிருந்து கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. கண்ணில்தான் ஒன்றும் வரவில்லை.

"கண்ணு காஞ்சுபோச்சுக்கா, உனக்குத் தெரியாதா?"

"கதை உடாத! கல்லு நெஞ்சுடி உனக்கு!"

முடியைப் பிடித்து இழுத்தாள். சுவரில் என் தலை மோதியது. நான் மட்டும் சும்மா இருப்பேனா? அவள் மணிக்கட்டைக் கடித்தேன், ரத்தம் உப்புக் கரித்தது. அவள் அறைந்தாள், நான் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். அப்பாவின் தலைமாட்டு விளக்கு சாய்ந்து எண்ணெய் கொட்டியது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நடுவில் புகுந்து என்னைத்தான் சமையலறைக்குள் தள்ளினாள்.

"தூக்கப் போறாங்க. அழுதுகினு வா, இல்லாங்காட்டி இங்கியே கெட."

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தூக்குவதற்குள் போட்டாக வேண்டும். ஆனால் ஊதுவத்திப் புகையில் இமையைத் திறந்தாலே மணலை வைத்துத் தேய்ப்பதுபோல் எரிந்தது. இடுப்பில் சொருகியிருந்த சொட்டு மருந்தை எடுத்துக் கண்ணில் பிழிந்தேன். அவசரத்தில் நிறையக் கொட்டிக் கன்னத்தில் வழிந்தது. துடைக்க ஏது நேரம்? அப்படியே ஓடினேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அக்கா அலறினாள். "அய்யோ, அழுவுறாளே! என் தங்கச்சி அழுவுறாளே!" என்று கட்டிக்கொண்டாள். கூட்டமே வழிவிட்டது. அத்தை தன் கையாலேயே அரிசியை எடுத்து என் கையில் வைத்தாள்.

அத்தனை பேரையும் அடித்து நொறுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. காலையிலிருந்து நான் அழுத அழுகை ஒருத்தி கண்ணுக்கும் தெரியவில்லை, மருந்துக்கடைத் தண்ணீர் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் மறுபடியும் வெளியே தள்ளுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அப்பா வாயில் அரிசியைப் போட்டேன்.