உதடு படாத காபி

தாடைக்குள் இருந்த கட்டியை எடுத்துத் தையல் போட்டு அனுப்பிய பிறகு, என் கீழுதட்டின் இடப்பாதி மரத்தே கிடந்தது. பாயசம் வழிந்தாலும் தெரியாது; மாமியார்தான் துடைத்துக்கொள்ளச் சொல்வார். வெட்கம் கிடக்கட்டும். என் கைக்குழந்தைக்கு முத்தம் கொடுத்தால் பாதி வாய்க்குத்தான் அவள் கன்னம் கிடைத்தது. அதுதான் என்னை அரித்தது.

1950களின் நடுவில் நடந்தது அது. மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, உதட்டைப் பஞ்சாலும் ஊசி முனையாலும் மாறி மாறித் தொட்டார். "கொத்தாகுத்தாம்மா?" என்று கன்னடத்தில் கேட்பார். "தெரியறது, தெரியறது" என்று பாடம் மாதிரி ஒப்பித்தேன்.

"இந்த வாட்டி நான் தொடவே இல்லையேம்மா" என்றார் தமிழில்.

எனக்கு உயிரே போயிற்று. வீட்டில் வெதுவெதுப்பான காபி குடித்து, கீழுதட்டில் சூடு தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். அடுத்த வாரமும் ஒன்றுமில்லை என்றால் நரம்பு போனதுதானாம்.

தினமும் டம்ளரைத் தூக்கினேன். நாக்கில் சூடு தெரிந்தது, தொண்டையில் தெரிந்தது. உதட்டில் இல்லை. இடப்பாதியில் மட்டுமா, வலப்பாதியிலும் இல்லை! நல்ல பாதியும் சாகிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் காலையில் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். "வலது பக்கமும் போச்சும்மா."

"எங்கே, குடி பாப்போம்" என்றார் மாமியார். அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன்.

"அடி அசடே! தூக்கிக் குடிச்சா உதட்டுல சூடு எப்படிடீ தெரியும்?"

எச்சில் பட்ட டம்ளரை யாரும் தொடாத வீடு அது. பிறந்த வீட்டிலும் அப்படித்தான்; நினைவு தெரிந்த நாளாக என் உதடு டம்ளர் விளிம்பில் பட்டதில்லை. அந்த வீட்டுச் சட்டமே அவர்தான். "பரவாயில்லை, சப்பிக் குடி" என்று டம்ளரை அவரே என் வாயில் வைத்தார்.

வலப்பக்கம் சுட்டது. இடப்பக்கம், சற்றுப் பொறுத்து, எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ. நிஜமா, என் ஆசையா? தொடாததையே தெரிகிறது என்றவளாயிற்றே நான்!

"கண்ணை மூடிக்கோ" என்றார். மூடினேன். எழுந்து போகும் சத்தம் கேட்டது, திரும்பி வந்தார்.

"இப்போ?"

"இல்லை."

"இப்போ?"

"இல்லைம்மா..."

பிறகு இடப்பக்கம் ஈரமாக, கதகதப்பாக ஏதோ பட்டது. "இப்போ! இப்போ!" என்று கத்திவிட்டேன்.

கண்ணைத் திறந்தேன். "முதல் ரெண்டு வாட்டி தொடவே இல்லைடீ" என்ற மாமியார், குழந்தையை என் முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் தன் வாயிலிருந்து எடுத்த எச்சில் விரல்களை என் உதட்டில் வைத்திருந்தாள்.