முறிந்த விரலும் நீட்டிய கையும்

மேல்பட்டாம்பாக்கம் அருகே டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். டிரெய்லரின் பின்விளக்குகளைக் கரும்புத் தோகை மறைத்திருந்ததால், சாய்ந்து வலது கையை வெளியே நீட்டி வலப்பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து வேகமாக வந்த பைக் என் சக்கரத்தில் மோதியது. ஓட்டியவன் முகமெல்லாம் ரத்தம்.

ஓடி வந்த கூட்டம் என்னைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தது.

“லைட்டு போடாம கையாடா காட்டுற?” என்று ஒருவன் என் சுண்டுவிரலை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

“அவர அடிக்காதீங்க!” பைக்கில் வந்தவன்தான் தவழ்ந்து வந்து கத்தினான். “கைய காட்டுனாரு, நான் பாத்தேன். அதுக்குள்ள பூந்துடலாம்னு வந்துட்டேன்.”

மிதித்தவர்களில் ஒருவனும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது விளக்கு தெரியும்படிதான் பாரம் ஏற்றுகிறேன். ஆனாலும் கையை நீட்டாமல் திரும்புவதில்லை. சுண்டுவிரல் மட்டும் மடங்கியே நிற்கிறது.